கை மாறும் புத்தகம்

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் மாலை, எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் என்னைத் தேடி வந்து ஒரு புத்தகம் கேட்டாள். அவள் அப்போதுதான் நகரத்துக் கல்லூரி ஒன்றில் வணிக மேலாண்மைப் பட்டப் படிப்பில் சேர்ந்திருந்தாள். அதே கல்லூரியில் அதே படிப்பை முடித்துவிட்டு என் பேத்தி விடுமுறைக்கு என்னுடன் தங்கியிருந்தாள். "அக்காவிடம் முதலாண்டுக் கணக்கியல் புத்தகம் இருந்தால் வாங்கித் தாருங்கள் பாட்டி, படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றாள். திருப்பித் தர வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று நான் பேத்தியைக் கேளாமலேயே வாக்களித்துவிட்டேன். உள்ளே சென்று கேட்டபோது பேத்தி சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அது புத்தகமாக இல்லை பாட்டி. கணினியில் ஓராண்டுக்குப் பணம் கட்டிப் படித்தேன். ஆண்டு முடிந்ததும் மூடிவிட்டார்கள். இப்போது எனக்கே திறக்காது" என்றாள்.

அதற்காக அவள் செலுத்திய தொகை 900 ரூபாய். அந்நூலில் அவள் அடிக்கோடிட்ட வரிகளும், ஓரங்களில் எழுதி வைத்த குறிப்புகளும் நூலோடு சேர்ந்தே போயின. நாற்பதாண்டுகளுக்கு மேல் பாடநூல்களோடு வாழ்ந்தவள் நான். இப்படியும் ஒரு புத்தகம் உண்டா என்று அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கல்லூரி மாணவர்களுக்கு அச்சு நூல் ஏற்றதா, மின்னூல் ஏற்றதா என்ற வினாவைப் பலரும் எழுப்பக் கேட்டிருக்கிறேன். எனினும் அவ்வினாவின் நெஞ்சம் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பெண் வெறுங்கையோடு திரும்பிய அன்றுதான் உணர்ந்தேன்.

வழக்கமாகப் பேசப்படுவனவற்றை முதலில் விரைந்து சொல்லிவிடுகிறேன். திரையில் படித்தால் கண் வலிக்கிறது என்பர் ஒரு சாரார். பை சுமக்க வேண்டியதில்லை என்பர் மற்றொரு சாரார். காகிதத்துக்கு மரம் வெட்டப்படுகிறது என்பதும், பழுதான கணினிகள் குப்பைமேடாகக் குவிகின்றன என்பதும் இரண்டும் உண்மையே. மனத்தில் பதிவதைப் பற்றி 2018 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளிவந்தது. 2000 முதல் 2017 வரை நிகழ்ந்த 54 ஆய்வுகளை அது ஒருங்கே வைத்து நோக்கியது. அவற்றில் பங்குகொண்டோர் 1,70,000 பேருக்கும் மேலாவர். கதை படிக்கையில் காகிதத்துக்கும் திரைக்கும் வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் செய்தியும் விளக்கமும் நிறைந்த பகுதிகளைப் படிக்கும்போதும், குறித்த நேரத்துக்குள் படித்து முடிக்க வேண்டியபோதும் காகிதத்தில் படித்தவர்களே நன்கு புரிந்துகொண்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல மாணவர்கள் திரைக்குப் பழகிவிடுவர், இவ்வேறுபாடு குறைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அத்தொகுப்பு ஏமாற்றத்தையே தந்தது. பாடநூல் என்பது பெரும்பாலும் விளக்க நூலே ஆதலின், ஆசிரியர்கள் இதனைக் கருத்திற் கொள்வது நலம்.

எனினும் மின்னூலைப் பழித்துப் பேச என் நா எழாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பணியாற்றிய ஊரில், 1980களில், பார்வை மங்கிக்கொண்டே வந்த ஒரு மாணவன் என் வகுப்பில் படித்தான். எட்டாம் வகுப்பு முடியும் தறுவாயில் அச்செழுத்து அவனுக்கு முற்றிலும் மறைந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்த அவன் தாய், வயல் வேலை முடிந்து வந்து, விளக்கடியில் அமர்ந்து எழுத்துக் கூட்டிக் கூட்டி அவனுக்குப் பாடம் படித்துக் காட்டுவாள். அறிவியற் பாடத்தில் அவளுக்கு வாய்க்கு வராத சொற்களை மறுநாள் காலையில் என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போவாள். இன்று அம்மாணவன் போன்றோர்க்குக் கணினியே நூலைப் படித்துக் காட்டுகிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் வடிவில் நூல்களை மாற்ற உரிமையாளரின் தனி இசைவு வேண்டியதில்லை என்று நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அதே நோக்கத்துடன் 2013 இல் மராகேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கையை 2014 இல் முதன்முதலாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியாவே. அந்தத் தாயின் குரலை நினைக்கும்போதெல்லாம், இத்தகைய கருவி முப்பது ஆண்டுகள் முன்னதாக வந்திருக்கலாகாதா என்று ஏங்குகிறேன். ஆகவே திரையை எதிர்த்துப் பேசுபவளாக என்னை எண்ணிவிட வேண்டா. என் கவலை வேறு.

அதனைச் சொல்வதற்கு முன் பழைய புத்தகங்களின் வாழ்க்கையைச் சற்று நினைவூட்ட வேண்டும். சென்னையில் மூர் மார்க்கெட் 1985 ஆம் ஆண்டு மே மாதம் தீக்கிரையாகும் வரை, அங்கே பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. வெளியூர்களிலிருந்து இரயிலேறி வந்து, ஆனி ஆடி மாதங்களில் அக்கடைகளில் பாதி விலைக்கும் கால் விலைக்கும் கல்லூரிப் புத்தகம் வாங்கிச் சென்றவர்கள் நம் ஊர்களிலும் பலர் உண்டு. தீக்குப் பின் அக்கடைகள் அருகிலேயே அல்லிக்குளத்துக்குப் பெயர்ந்தன. அத்தகைய புத்தகத்தின் அட்டையைத் திறந்தால் உள்ளே இரண்டு மூன்று பெயர்கள் எழுதியிருக்கும். ஒன்றை அடித்து மற்றொன்று, அதனை அடித்து வேறொன்று. முன்னவர் கேள்விக்குறி இட்ட இடத்தில் நமக்கும் ஐயம் தோன்றும். "இது தேர்வுக்கு வரும்" என்ற பென்சில் எழுத்து நமக்கும் பயன்படும். முகமறியாத ஒருவர் நம் அருகில் அமர்ந்து படிப்பது போன்ற துணை அது.

1969 இல் நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது எனக்குக் கல்வி உளவியல் நூல் ஒன்று இப்படித்தான் கிடைத்தது. எனக்கு முன் மூன்று பேர் அதனைப் படித்திருந்தனர். எனக்குத் தந்த மூத்த மாணவி ஒரு காசும் பெற்றுக்கொள்ளவில்லை. "முடித்ததும் அடுத்தவளுக்குக் கொடுத்துவிடு, அவ்வளவுதான்" என்றாள். நான் கொடுக்கவில்லை. பயிற்சி முடிந்து வரும்போது அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டி எடுத்து வந்துவிட்டேன். ஆசிரியையாகப் போகிறேன், எனக்கே இது தேவைப்படும் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பிறகு ஒரு முறையோ இரு முறையோதான் அதனைத் திறந்திருப்பேன். பேத்தியின் பேச்சைக் கேட்ட மறுநாள் அப்பெட்டியை இறக்கிப் பார்த்தேன். இராமபாணப் பூச்சி அரித்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. நான்காவதாக என் பெயர். அதற்குக் கீழே வெற்றிடம். ஐந்தாவதாக யாரோ ஒரு பெண் அப்புத்தகம் இல்லாமல் அந்த ஆண்டைக் கடந்திருப்பாள்.

இதனை நான் ஏன் எழுதுகிறேன் எனில், அச்சு நூல் இருந்துவிட்டால் மட்டும் மனிதர் கொடுத்துவிடுவர் என்று நான் சொல்ல வரவில்லை. நான் கொடுக்காதது என் குற்றம். ஆனால் கொடுப்பதும் கொடாமையும் என் கையில் இருந்தன. என் பேத்தியின் கையில் அவ்விரண்டும் இல்லை. அவள் கொடுக்க விரும்பினாள், இயலவில்லை. ஈகை என்னும் அறத்தைச் செய்யவும் தவறவும் உரிய இடமே அவளிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

இந்நிலை எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். அச்சு நூலை விலைக்கு வாங்கினால், அதிலுள்ள எழுத்தைப் பெருக்கி விற்கும் உரிமை நமக்கு இல்லையே தவிர, அந்தப் படி நம்முடையது. இரவல் தரலாம், விற்கலாம், தானம் செய்யலாம். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த சுபாப் கிர்ட்சேங் என்னும் தாய்லாந்து மாணவர், தம் நாட்டில் மலிவாகக் கிடைத்த பாடநூல்களை உறவினர் வழியாக வரவழைத்து அங்கே விற்றார். பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. முறையாக வாங்கிய படியை மறுபடி விற்கத் தடையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013 இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. மின்னூலுக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிறது. படித்து முடித்த மின்னூல்களை மறுவிற்பனை செய்ய முயன்ற டாம் கேபினெட் என்னும் நெதர்லாந்து நிறுவனத்தின் வழக்கில், அச்சு நூலுக்கு உள்ள அவ்வுரிமை மின்னூலுக்குப் பொருந்தாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் முடிவு கூறியது. அந்நீதிமன்றம் கூறும் காரணத்தையும் நாம் மதிக்க வேண்டும். மின்னூல் பழையதாவதில்லை, ஆயிரம் கை மாறினாலும் புதியது போலவே இருக்கும். ஆகவே பழைய படிகள் கை மாறினால் புதிய படியை எவரும் வாங்கார், எழுதியவர்க்கு ஊதியம் கிட்டாது என்பது அவ்வாதம். இதில் நியாயம் இல்லை என்று கூற இயலாது.

ஆனால் விற்பவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படித்துவிட்டுப் போகும் நிலைக்கு வாங்குவோர் தள்ளப்படுகின்றனர் என்பதும் உண்மைதானே? 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், விற்றவருக்கு உரிமை இல்லை எனக் கண்டு, ஜார்ஜ் ஆர்வெலின் இரு நூல்களை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே நீக்கிவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. ஆனால் வகுப்புக்காக அந்நூலில் குறிப்பெழுதி வைத்திருந்த ஒரு பள்ளி மாணவர், குறிப்புகள் எந்த வரியைச் சேர்ந்தவை என்றே அறிய முடியாமல் திகைத்தார். 2019 இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் யாவும் திறவா நிலை அடைந்தன. அங்கும் பணம் முழுவதும் திருப்பித் தரப்பட்டது. நூலில் குறிப்பெழுதியிருந்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலர் வரவு வைக்கப்பட்டது. படித்தவன் தன் சிந்தனையை ஓரத்தில் எழுதியதற்கு விலை 25 டாலர்! என் பேத்திக்கு அதுவும் இல்லை.

நம் சமயத்தார்க்கு இவ்விடத்தில் ஒரு பொறுப்பு உண்டு என்று கருதுகிறேன். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானம் கூறும் நாம், நூல் கொடுப்பதை உணவுக்கும் மருந்துக்கும் இணையாக வைத்தோம். நோன்பு நிறைவில் ஏடு எழுதுவித்து வழங்கியவர் நம் முன்னோர். 10 ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை, பொன்னரின் சாந்தி புராணத்துக்கு 1,000 படிகள் ஓலையில் எழுதுவித்து வழங்கினார் என்பது வரலாறு. எத்தனை பேர் எத்தனை நாள் எழுத்தாணி பிடித்திருப்பர்! அன்று ஒரு செல்வச் சீமாட்டியின் பொருளும் பல எழுத்தரின் உழைப்பும் சேர்ந்து செய்த செயலை, இன்று ஒரு மாணவி விரல் நுனியில் ஒரு நொடியில் செய்யலாம். தானத்துக்கு இதைவிட எளிய காலம் வந்ததில்லை. அக்காலத்தில்தான் படிக்கும் நூலைத் தோழிக்குக் கொடுக்க இயலாமல் ஒரு பெண் நிற்கிறாள்.

பூட்டி வைப்பது நமக்கும் புதியதன்று என்பதையும் மறைக்கலாகாது. மூடபித்ரியில் தவள ஏடுகள் பல நூற்றாண்டுகள் பூட்டப்பட்டே இருந்தன. யாத்திரை சென்றவர்கள் கண்டு வணங்கலாம், படிக்க இயலாது. அந்தக் காவலே அவ்வேடுகள் அழியாமல் நமக்குக் கிடைக்கக் காரணம் என்பது ஒரு புறம். கற்பதற்காக இயற்றிய நூலைக் கற்கவொட்டாமல் வைத்ததும் அந்தக் காவலே என்பது மறுபுறம். படியெடுத்தது வெளியே வந்து, ஹீராலால் ஜெயின் அவர்கள் பதிப்பில் முதற் பகுதி 1939 இல் அச்சேறிய பின்னரே கற்றோர் கைக்கு அது எட்டியது. பூட்டுக்குக் காரணம் நல்லதாகவே இருக்கலாம். எதற்காக, எவ்வளவு காலம் என்று கேட்க வேண்டிய கடமை அதனால் நீங்கிவிடாது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். என் தம்பி, கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இதையே என்னிடம் கேட்டார். "மிகுபொருள் விரும்பாமை நம் விரதங்களுள் ஒன்றல்லவா அக்கா? நூலை உடைமையாக்கிக் கொள்ளாமல், வேண்டும்போது படித்துவிட்டு விட்டுவிடுவது அதற்கு நெருக்கமானதுதானே? உன் பெட்டியில் கிடந்து செல்லரித்த புத்தகத்தைவிட, ஓராண்டில் மறைந்துபோன உன் பேத்தியின் புத்தகம் பற்றற்றது" என்றார். நல்ல கேள்வி. இரண்டு நாள் விடை தெரியாமல்தான் இருந்தேன். பின்னர்த் தோன்றியது இது. விரதம் என்பது நானே அளவு குறித்துக்கொண்டு, மிஞ்சியதை மனமுவந்து விடுவது. தவணை முடிந்ததும் பிறர் எடுத்துக்கொள்வதில் என் மனம் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு மாணவி மீண்டும் 900 ரூபாய் கட்ட வேண்டியிருக்கிறது. ஆக, உடைமை எங்கும் குறையவில்லை, ஓரிடத்தில் குவிந்திருக்கிறது. தம்பி இதனை முழுவதும் ஒப்பவில்லை. "அப்படியானால் நூலகத்தில் இரவல் வாங்குவதும் தவணைதானே?" என்று கேட்டார். ஆம், ஆனால் நூலகத்தில் நான் திருப்பித் தந்தால் அடுத்தவர்க்குக் கிடைக்கிறது என்றேன். அத்துடன் காபி வந்துவிட்டது.

இனிச் சொல்லக் கூச்சமான ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண் வெறுங்கையோடு போன நான்காம் நாள், என் பேத்தி மகிழ்ச்சியோடு கைப்பேசியைக் காட்டினாள். அதே நூல், முழுவதும், எவரோ பூட்டை உடைத்து நண்பர் குழு ஒன்றில் போட்டிருக்கின்றனர். ஒரு காசு இல்லை. "இதை அவளுக்கு அனுப்பிவிடட்டுமா பாட்டி? இதுவும் சாத்திர தானம்தானே?" என்றாள். விளையாட்டாகக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா என்பது எனக்கு இன்றும் தெளிவில்லை.

வேண்டாம் என்றேன். கள்ளாமை விரதம் கைப்பேசிக்கும் உண்டு என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, சொல்லும்போது என் குரலில் உறுதி இல்லை. ஏனெனில் அதனை எழுதிய ஆசிரியரின் உழைப்பு ஒரு பக்கம். அதே நூலுக்கு ஒரு முறை முழு விலை கொடுத்தவள் என் பேத்தி என்பது மற்றொரு பக்கம். எல்லை எங்கே என்று சட்டமே திணறியிருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சிறிய ஒளிநகல் கடை, பேராசிரியர்கள் குறித்துத் தந்த பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்துத் தொகுத்து மாணவர்க்குக் குறைந்த விலையில் தந்துவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பதிப்பகங்கள் 2012 இல் அக்கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. கற்பித்தலின் பொருட்டு நகலெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. டிசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த அமர்வும் அவ்விலக்கை ஏற்றுக்கொண்டு, தொகுக்கப்பட்ட பகுதிகள் கற்பித்தலுக்குத் தேவையானவைதாமா என்பதை மட்டும் விசாரிக்கப் பணித்தது. 2017 இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. ஆயினும் வகுப்புக்கு வேண்டிய பகுதிகளை ஆசிரியர் நகலெடுப்பதும், முழு நூலையும் களவாடி ஊரெங்கும் பரப்புவதும் ஒன்றாகா என்பது என் துணிபு. நானும் பள்ளியில் உருட்டச்சில் பக்கங்களை நகலெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவள்தான். முழுப் புத்தகத்தையும் ஒருபோதும் எடுத்ததில்லை. அதனைச் செய்யாததற்கு அறம் காரணமா, மை விலை காரணமா என்று இப்போது உறுதியாகக் கூற இயலவில்லை.

பேத்தி அதனை அனுப்பவில்லை. ஆனால் பொறுக்க முடியாத பூட்டு களவை வளர்க்கிறது என்பதை ஆசிரியரும் பதிப்பாளரும் உணர வேண்டும். நேர்மையாக நடப்பவள் கொடுக்க இயலாமலும், களவாடுபவன் தாராளமாகக் கொடுத்தும் இருந்தால், இளையோர் மனத்தில் எது அறமாகத் தோன்றும்?

பூட்டில்லாத மின்னூல்களும் உள்ளன என்பது மனத்துக்கு ஆறுதல். அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்னும் முயற்சி 2012 முதல் இயற்பியல், கணிதம், பொருளியல், கணக்கியல் எனக் கல்லூரிப் பாடநூல்களை இலவசமாகவே வழங்கி வருகிறது. எழுதியவர்க்கும் திருத்தியவர்க்கும் ஊதியம் அறக்கட்டளைகளின் கொடையிலிருந்து முன்னதாகவே தரப்பட்டுவிடுகிறது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், அடுத்தவர்க்குத் தரலாம். நம் தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய தமிழ் நூல்களை இவ்வாறே எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அதே திரை, அதே மின்சாரம். ஒன்றில் அத்திமப்பையின் கை தெரிகிறது. ஆதலின் எந்நூலைப் பாடமாக வைப்பது என்று முடிவு செய்யும் கல்லூரி ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. நூலின் தரத்தையும் விலையையும் பார்க்கும்போது, படித்து முடித்த பிள்ளை இதனை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா என்பதையும் பாருங்கள். மாணவர்க்கு உதவித்தொகை வழங்கும் நம் சங்கங்களும் பெரியோர்களும், தொகையில் ஒரு பகுதியையேனும் பாடநூல்களாக வாங்கிச் சுழற்சியில் விடலாம். அல்லது நல்ல பாடநூல் ஒன்றைத் தமிழில் எழுதுவித்து, பூட்டின்றி வெளியிடலாம். ஒரு நோன்பு நிறைவு விழாவின் விருந்துச் செலவு அதற்குப் போதுமானதாக இருக்கக் கூடும். விருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என் உறவினர்களே என்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள்.

தெருக்கோடிப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கல்லூரி நூலகத்தில் வேறோர் ஆசிரியர் எழுதிய அச்சு நூலின் பழைய பதிப்பு இருந்திருக்கிறது; அதனைப் பெற்றுக்கொண்டாள். என் பேத்தி தன் அலமாரியைக் குடைந்து, முதலாண்டில் வகுப்பில் கையால் எழுதிய கணக்கியல் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கண்டெடுத்தாள். அட்டை கிழிந்திருந்தது. நானே மாவுப் பசை காய்ச்சி ஒட்டிக் கொடுத்தேன். முகப்பில் பேத்தியின் பெயருக்குக் கீழே அந்தப் பெண் தன் பெயரை எழுதிக்கொண்டாள். இப்போது பேத்தி வேலைக்காக பெங்களூரில் இருக்கிறாள். சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது, "பாட்டி, அவள் நேற்று இரவு கூப்பிட்டாள். பதினான்காம் பக்கத்தில் நான் எழுதியது அவளுக்குப் புரியவில்லையாம். படம் எடுத்து அனுப்பினாள். எனக்கே புரியவில்லை. இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து கண்டுபிடித்தோம்" என்றாள்.